மைனரின் கழுத்தில் கட்டிய கட்டை

நாயைக் கூட்டிக்கொண்டு காலையில் நடக்கப் போகிறவர்கள் எதிரே வரும் வண்டியைப் பார்ப்பார்கள், தெருநாயைப் பார்ப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன். சாக்கடைக்கு மேலே இரும்புக் கம்பி பதித்த இடம் வந்துவிட்டால், தர்மபுரியில் எந்தத் தெருவாக இருந்தாலும், என் நாயை இழுத்துக்கொண்டு ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவேன். கூட நடக்கும் அலுவலக நண்பர், "சாக்கடை கம்பிக்குப் பயப்படற ஆளு நீங்க ஒருத்தர்தான் சார்" என்று சிரிப்பார். தோளையும் நெஞ்சையும் சுற்றிப் போடும் பட்டைதான் நாய்க்கு வாங்கியிருக்கிறேன், கழுத்தில் எதையும் கட்டுவதில்லை. அதற்கும் சிரிப்பார். காரணத்தை அவரிடம் முழுதாகச் சொன்னதில்லை. நாயைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்த முடியாது, என்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பாப்பிரெட்டிப்பட்டியில் டவுன் பஸ் வந்து திரும்பும் இடத்தை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. அப்பா மரவள்ளிக் கிழங்கு லாரிகளுக்கு லோடு ஏற்றுவார். அம்மா களையெடுக்கப் போவார். அம்மாவின் தம்பியான என் மாமாவும் எங்களோடுதான் இருந்தார். மாட்டுத் தரகர் ஒருவரிடம் வேலை, சந்தைக்குச் சந்தை மாடு ஓட்டிப்போவார். வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ரேஷன் கடைப் பலகையைப் படித்துச் சொல்வதும், ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டைப் பார்த்துத் தலையாட்டுவதும் என் பொறுப்பு. மருந்துச் சீட்டு படித்தவர்களுக்கும் புரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

மைனர் எங்கள் நாய். செவலை நிறம். சந்தையிலிருந்து திரும்பும் வழியில் கிடந்த குட்டியை மாமாதான் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அது ஊர் சுற்றும் அழகைப் பார்த்துப் பெயரையும் அவரே வைத்தார். குட்டியாக இருந்தபோது ஒரு சைக்கிள் அதன் வாலில் ஏறியது. அன்றிலிருந்து அதற்குச் சக்கரம் என்றால் ஆகாது. யாரையும் கடித்ததில்லை, கோழியைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் ரோட்டில் இரண்டு சக்கர வண்டி ஒன்று போய்விட்டால் அது வேறு நாயாகிவிடும்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் ஒருநாள் அது இளநீர்க்காரரின் மொபட்டைத் துரத்தியது.

பஸ் திரும்பும் இடத்துப் புளியமரத்தடியில் கடை போடுகிறவர் அவர். நல்ல உயரம், கறுத்த மீசை, தோளில் எப்போதும் ஒரு துண்டு. வண்டியின் இரண்டு பக்கமும் இளநீர்க் குலைகள் தொங்க வந்துகொண்டிருந்தவர், மைனர் சக்கரத்தின் பக்கம் பாய்ந்ததும் காலை ஊன்றப் பார்த்து அப்படியே சாய்ந்தார். காய்கள் ரேஷன் கடை வரை உருண்டன. எழுந்தபோது அவர் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. குலைகளோடு செருகியிருந்த அரிவாள் கையில் இருந்தது.

"யாரூட்டு நாயிடா இது?"

ஊரே எங்கள் சந்துப் பக்கம் கைகாட்டியது. அப்பா ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "தெரியாம நடந்துபோச்சிங்கண்ணா."

"நாயிக்குத் தெரியாது, சரி. உனக்குமா தெரியாது? இன்னொரு வாட்டி என் வண்டி முன்னால வரட்டும், எளனி சீவற மாதிரி தலைய சீவிப்புடுவேன்."

நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அந்த அரிவாளைப் பார்த்தேன். வெயிலில் அதன் வளைந்த முனை மட்டும் வெள்ளையாக மின்னியது. அவர் ஒரே வெட்டில் இளநீரின் தலையைப் பறக்கவிடுவதை எத்தனையோ முறை வேடிக்கை பார்த்தவன் நான். அவர் சொன்னதில் சந்தேகப்பட எனக்கு எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா முடிவு செய்துவிட்டார். "சித்தேரி மலைக்குக் கெழங்கு ஏத்தப் போற லாரியில ஏத்திக்கிட்டுப் போயி அங்கியே வுட்டுட்டு வந்துர்றேன். நாய்க்காவ நாம அடி வாங்க முடியாது."

நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். அப்பா என்னை அடிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சரி, நீ படிக்கறவன். நாயப் பத்தி உன் புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு, சொல்லு பாக்கலாம்" என்றார். உண்மையாகவேதான் கேட்டார். நான் எழுந்து உட்கார்ந்து, "நாய் நன்றியுள்ள பிராணி. அது வீட்டைக் காக்கும்" என்று ஒப்பித்தேன்.

"எளனிக்காரன் வண்டியத் தொரத்தறதப் பத்தி ஒண்ணும் போடலியா?" என்றார் மாமா.

அம்மா சிரித்துவிட்டார். அப்பாவின் முகமும் கொஞ்சம் இளகியது. அந்த நேரம் பார்த்துத்தான் மாமா தன் யோசனையைச் சொன்னார். மேய்ச்சலுக்குப் போகிற மாடு அடுத்தவன் பயிர் வைத்த காட்டுக்குள் ஓடினால் என்ன செய்கிறோம்? கழுத்தில் கட்டையைக் கட்டித் தொங்கவிடுகிறோம். நடக்கலாம், மேயலாம். ஓட நினைத்தால் கட்டை முன்னங்காலில் இடிக்கும். நாலு நாளில் ஓடுகிற நினைப்பே மாட்டுக்கு மறந்துபோகும். மாட்டுக்கு ஆகிறது நாய்க்கு ஆகாதா?

எங்களில் யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. இத்தனை எளிதான வழி முன்பே தோன்றவில்லையே என்றுதான் இருந்தது. மாமா உடைந்த மண்வெட்டிக் காம்பில் ஒன்றரைச் சாண் அறுத்து, நடுவில் பள்ளம் செதுக்கி, நைலான் கயிற்றைச் சுற்றி, மைனரின் கழுத்தில் கட்டினார். கட்டை அதன் முழங்காலுக்கு நேராகக் குறுக்கே தொங்கியது. "என் முடிச்ச மாடே அவுக்காது, நாயி அவுத்துருமா?" என்று பெருமையாக ஒரு இழுப்பு இழுத்தும் காட்டினார்.

"ஒரு மாசம் பாக்கறேன். இன்னொரு பிராது வந்துச்சின்னா நாயி மலையிலதான்" என்றார் அப்பா. காலையிலும் சாயங்காலமும் நானே ஏரிக்கரை வரை பிடித்துக்கொண்டு போய்வருவதாகச் சத்தியம் செய்தேன்.

முதல் இரண்டு நாள் மைனர் நாலடி வைப்பதும் முட்டியில் இடி வாங்கி உட்காருவதுமாக இருந்தது. மூன்றாம் நாள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கட்டையை வெளிப்பக்கம் தள்ளி நடக்கக் கற்றுக்கொண்டது. மொபட் போனால் காது மட்டும் நிமிரும், கால் நின்ற இடத்திலேயே நிற்கும். வீட்டில் மாமாவின் மதிப்பு ஏறிவிட்டது. ரோட்டில் என் மதிப்பு இறங்கிவிட்டது. டீக்கடைக்காரர் தினமும் ஒன்று சொல்வார். "ஏன்டா, மைனருக்குக் கல்யாணமே முடிஞ்சிருச்சா? தாலி கட்டி இழுத்துக்கிட்டுப் போற?" பெஞ்சில் இருக்கும் எல்லோரும் சிரிப்பார்கள். நான் கட்டைக் கயிற்றின் நீண்ட நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வேகமாகப் போவேன். வேகமாகப் போகவும் முடியாது, கட்டை இடிக்கும்.

புளியமரத்தடியைத் தாண்டும்போதுதான் உண்மையான பயம். மைனரை எனக்கு மறுபக்கத்தில் விட்டு, நான் நடுவில் வந்து, இளநீர்க்காரரைப் பார்க்காமல் நடப்பேன். நாலைந்து நாள் அவர் ஒன்றும் பேசவில்லை. ஒருநாள் காயைச் சீவிக்கொண்டே கூப்பிட்டார்.

"டேய் பையா, இங்க வா. என்னடா அது கழுத்துல?"

"கட்டைங்க."

"கட்டைன்னு எனக்குத் தெரியாதா? நாயிக்குப் போயி கட்டைய எவன்டா கட்டுனது? வண்டி கிண்டி வந்தா அது எப்புடி ஓடும்? உங்கப்பன்கிட்ட சொல்லி மொதல்ல அத அவுத்துவுடச் சொல்லு."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் எண்ணம் எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். கட்டையை அவிழ்த்தால் மைனர் வண்டியைத் துரத்தும், துரத்தினால் அவர் வெட்டலாம், அதற்குத்தான் அவிழ்க்கச் சொல்கிறார். அன்றிலிருந்து மாமாவின் முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று தினமும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே புறப்படுவேன்.

எங்கள் சந்து ரோட்டில் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு சாக்கடை போகிறது. அதன்மேல் இரும்புக் கம்பிகளை வரிசையாகப் பதித்திருந்தார்கள். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே என் பாதம் போகிற அளவு இடைவெளி. டவுன் பஸ் ஊருக்குத் திரும்ப வேண்டுமானால், முதலில் பின்னால் வந்து இந்தக் கம்பிகள்மேல் பின்சக்கரத்தை ஏற்றி, பிறகுதான் முன்னால் ஒடிக்க முடியும். நடத்துனர் இறங்கிப் பின்னால் நின்று விசில் கொடுப்பார். சந்துப் பிள்ளைகளான எங்களுக்கு அது தினசரி வேடிக்கை.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. ஏரிக்கரையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். கறிக்கடை திறந்திருந்ததால் அங்கே கிடந்த தெருநாய்கள் இரண்டு மைனரைப் பார்த்துவிட்டன. ஒன்று உறுமிக்கொண்டு முன்னால் வந்தது, மற்றது சத்தமில்லாமல் பக்கவாட்டில் சுற்றியது. கட்டை இல்லாதிருந்தால் மைனர் இரண்டே தாவலில் வீட்டுக்குள் போயிருக்கும். அது தாவியது. கட்டை முட்டியில் அடித்தது. முன்னங்கால்கள் மடங்கி, மூக்கு இடிபட, கம்பிகளின்மேல் விழுந்தது. கட்டையின் ஒரு முனை கம்பிகளின் நடுவே இறங்கியது. அடுத்த முனையும் பின்னாலேயே போனது.

உள்ளே போன கட்டை கம்பிகளுக்கு அடியில் குறுக்காகத் திரும்பிக்கொண்டது. சட்டைப் பொத்தான் ஓட்டைக்குள் போய்த் திரும்பி நிற்குமே, அதைப் போல. மைனரின் தாடை கம்பியோடு ஒட்டிக்கொண்டது. எழ முயன்றால் கயிறு தொண்டையை அறுத்தது.

நான் கல்லை எறிந்து தெருநாய்களைத் துரத்திவிட்டு மண்டி போட்டேன். முடிச்சைத் தேடினேன். தினமும் இழுத்து இழுத்து நானே இறுக்கி வைத்திருந்த முடிச்சு. ஏரித் தண்ணீரில் நனைந்து கூழாங்கல் போல ஆகியிருந்தது. நகம் பெயர்ந்தது, முடிச்சு அசையவில்லை. கம்பியின் நடுவே கையை விட்டுக் கட்டையைத் திருப்பப் பார்த்தேன். விரல் நுனி பட்டது, பிடி கிடைக்கவில்லை. மைனர் குரைக்கவில்லை. தொண்டையிலிருந்து ஒரு கரகரப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது. நாக்கின் நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் பஸ் வந்து நின்றது.

ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டது. நடத்துனர் இறங்கவில்லை. கோழிக்கூடைக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று ஒரு அம்மாள் உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நடத்துனர் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கையில் இருந்தபடி விசிலை ஊதினார். பஸ் பின்னால் நகர்ந்தது.

"பஸ்ஸு! பஸ்ஸு! நிறுத்துங்க!" என்று கத்தினேன். என் குரல் எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் என் இரண்டு கைகளும் மைனரின் கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் இருந்தன. எடுத்தால் கயிறு இறுகும். எடுக்கவில்லை. பின்சக்கரத்தின் மண் ஒட்டிய பட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க முடிந்தது. சூடான புகை முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

பஸ்ஸின் தகரத்தில் படார் படார் என்று யாரோ அறைந்தார்கள். "நிறுத்துய்யா யோவ்! பையன் கீழ கெடக்கறான்!"

பஸ் குலுங்கி நின்றது. கண்ணைத் திறந்தபோது, பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு இளநீர்க்காரர் ஓடி வந்துகொண்டிருந்தார். வலது கையில் அரிவாள்.

"தள்ளுடா" என்றார்.

நான் தள்ளவில்லை. மைனரின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். அவர் இடது கையால் என்னை ஓரமாக நெட்டிவிட்டு, முழங்காலை மைனரின் தோள்மேல் வைத்து அழுத்தினார். மைனர் துள்ளுவது நின்றுவிட்டது. பிறகு அரிவாளைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். சொன்னதைச் செய்யப் போகிறார். நாய் அசைய முடியாமல் மாட்டிக்கொண்ட நேரம் பார்த்து வந்திருக்கிறார். அப்போது என்னிடம் கல் இல்லை, கம்பு இல்லை. பாய்ந்துபோய் அரிவாள் பிடித்த கையின் மணிக்கட்டில் என் பற்களைப் பதித்தேன்.

கடித்தேன் என்றால் விளையாட்டுக் கடி இல்லை. தாடை வலிக்கக் கடித்தேன். இளநீரின் பிசுபிசுப்பும் உப்பும் கலந்த ஒரு ருசி வாயில் வந்தது, பிறகு அதில் வேறொரு ருசியும் சேர்ந்தது. அவர் கத்துவார், அரிவாளைப் போட்டுவிட்டுக் கையை உதறுவார், அந்த நேரத்தில் எதையாவது செய்துவிடலாம் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. அந்தக் கை அசையவே இல்லை. மரத்தைக் கடித்தது போல இருந்தது. என் தலைக்கு மேலே அவர் மூச்சு மட்டும் வேகமாகக் கேட்டது.

"சரி, நீ கடி" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனா ஆடாத. ஆடாத சாமி."

அவருடைய இடது கை விரல்கள் கயிற்றுக்கு அடியில் நுழைந்து அதைத் தூக்கின. என் உதட்டுக்குப் பக்கத்தில் நைலான் இழைகள் ஒவ்வொன்றாக அறுபடும் சத்தம் கேட்டது. பிறகு சாக்கடைத் தண்ணீரில் ஏதோ விழுந்தது. கட்டை. மைனர் தலையைத் தூக்கி, இரண்டு முறை இருமி, தள்ளாடி எழுந்து, சந்துக்குள் ஓடியது.

அப்போதும் நான் வாயை எடுக்கவில்லை. "அவ்ளோதான். வுடு" என்றார். விட்டேன்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. நடத்துனர் கீழே இறங்கி அவர் கையைப் பார்த்து, "என்னண்ணா, நாயி கடிச்சிருச்சா?" என்றார். இளநீர்க்காரர் தோள் துண்டை எடுத்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். "அருவா பட்டுருச்சிப்பா. நீ மொதல்ல எறங்கி நின்னு விசில் ஊதப் பழகு."

நான் எழுந்து வீட்டுக்கு ஓடினேன். மைனர் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. நானும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

சேதி என்னைவிட வேகமாகப் போயிருந்தது. சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பிய மாமா வாசலிலேயே சொன்னார். "மைனரு எளனிக்காரரக் கடிச்சிட்டானாம். ரோடே பேசுது." அப்பா மூலையில் இருந்த சாக்குப் பையை எடுத்து உதறினார். மலைக்குப் போகும் லாரி எப்போது புறப்படும் என்று மாமாவிடம் மட்டும் கேட்டார்.

நான் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். "மைனர் கடிக்கலப்பா. நான்தான் கடிச்சேன்."

அப்பா என்னைப் பார்த்தார். மாமா சிரித்தார். "நாயக் காப்பாத்தறதுக்கு என்ன பேச்சுப் பேசறான் பாரு. படிச்ச பையன் ஆச்சே."

"நெசமா நான்தான்!" என்று அழுதேன். அம்மா என்னை இழுத்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அவரும் நம்பவில்லை. பொய் சொல்லும்போதெல்லாம் என்னை நம்பிய வீடு அது. அப்பா குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை நீட்டினார். மைனர் பாவம், வாலை ஆட்டிக்கொண்டு அவரிடமே வந்தது.

மைனரின் பின்னங்கால்கள் சாக்குக்குள் போய்விட்டபோது வெளியே மொபட் நிற்கும் சத்தம். இளநீர்க்காரர் வாசலில் குனிந்து உள்ளே வந்தார். துண்டுக்குப் பதிலாக மணிக்கட்டில் வெள்ளைக் கட்டு. அப்பா சாக்கைப் பிடித்தபடியே எழுந்தார்.

"அண்ணா, மன்னிச்சிக்கோங்க. இப்பவே கொண்டுபோயி மலையில வுட்டுர்றனுங்க."

"எதுக்கு?"

"உங்களக் கடிச்சிருச்சேங்க."

"நாயி எங்கப்பா கடிச்சிது? கவுற அறுக்கறப்ப அருவா நழுவிருச்சி. அத எதுக்குச் சாக்குல போட்டு வதைக்கற? எறக்கி வுடு." பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார். "கட்டையக் கட்டுன மாட்டுக்காரன் நீதான? மாட்ட காட்டுல மேய வுடற. இது ரோட்டுல நடக்கற சீவன். இன்னொரு வாட்டி நாயி கழுத்துல கட்டையப் பாத்தேன், அத உன் கழுத்துல கட்டி ஏரியச் சுத்தி ஓட வுட்டுருவேன்."

அப்பா மெதுவாகச் சாக்கைக் கீழே இறக்கினார். மைனர் உதறிக்கொண்டு வெளியே வந்து என் காலடியில் உட்கார்ந்தது. அம்மா காபி வைக்க உள்ளே போனார். அப்பாவின் பார்வை அந்த மணிக்கட்டுத் துணியைவிட்டு அகலவில்லை.

போகும்முன் இளநீர்க்காரர் என்னைக் கிட்டே கூப்பிட்டார். வந்துவிட்டது என்று நினைத்தேன். இடது கையால் என் தாடையைப் பிடித்துத் தூக்கி, பல்ப் வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார். இந்தக் கன்னத்தைப் பார்த்தார், அந்தக் கன்னத்தைப் பார்த்தார். காதுக்குக் கீழே கழுத்தைத் தடவிப் பார்த்தார். நீளமாக மூச்சுவிட்டு, மண்டையில் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காபி குடிக்காமலே போய்விட்டார். என் முகத்தை அடையாளம் வைத்துக்கொள்கிறார், பெரியவனானதும் பழி வாங்குவார் என்று அன்று இரவு முழுக்கப் பயந்தேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் போனதும் அந்தப் பயம் வேறு வடிவம் எடுத்துவிட்டது. வீட்டில் நம்பாததை வகுப்பில் நம்பினார்கள். கடைசி பெஞ்சில் எழுந்து நின்று நடித்தே காட்டினேன். அரிவாளோடு வந்த அவ்வளவு பெரிய ஆள் என் பல்லுக்குப் பயந்து கையை அசைக்கக்கூட முடியாமல் மரம் போல உட்கார்ந்திருந்தார் என்றேன். "ஆடாதன்னு கெஞ்சுனாருடா" என்றேன். எல்லோரும் என் பற்களைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பல நாள் வரை அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

நான் கடித்துக்கொண்டிருந்தபோது என் கன்னத்துக்கும் மைனரின் தொண்டைக்கும் நடுவில் நான்கு விரல் அகலம்கூட இருந்திருக்காது. இளநீர் சீவும் அந்த அரிவாள் அந்த நான்கு விரல் இடத்துக்குள்தான் இருந்தது. வலித்ததற்கு அவர் ஒருமுறை கையை உதறியிருந்தால் அது எந்தப் பக்கம் போயிருக்கும் என்று, ஒன்பது வயதில் நானும் யோசிக்கவில்லை, என் வகுப்பில் யாரும் கேட்கவும் இல்லை.